எழுதவும் இயங்கவும்: கர்னல் தடமறிதலும் நினைவகம் ஒதுக்கும் கேள்வியும்

ஓடிக்கொண்டிருக்கும் கர்னலில் ஒரு செயற்கூறு எப்போது அழைக்கப்படுகிறது, யாரால் அழைக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டுமானால் அதன் வாசலில் ஒரு தாவல் கட்டளையை வைக்க வேண்டும். அது வேறொரு சிறு நிரலுக்குத் தாவும். அந்த நிரல் பார்த்ததைக் குறித்துக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் செயற்கூறுக்கே திரும்பும். அந்தச் சிறு நிரல் எங்கே இருக்க வேண்டும்? அதற்கான நினைவகத்தை யார் ஒதுக்குவது, எந்த உரிமையோடு, எப்போது திரும்பப் பெறுவது? கால் நூற்றாண்டாக இதற்கு விடைகள் எழுதப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு விடையும் முந்தைய விடையின் ஒரு குறையைத் தீர்த்து, வேறொரு குறையைத் தன்னோடு கொண்டுவந்திருக்கிறது.

இது பெருநிறுவன சர்வர்களுக்கு மட்டும் உரிய கவலை அல்ல. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. டெபியனை அடியொற்றிய அமைப்பு அது. விழுப்புரம், கண்டமங்கலம் வட்டாரத்துப் பிளஸ் டூ மாணவர் பலர் முதன்முதலாகத் தொட்ட லினக்ஸ் அதுவாகவே இருந்திருக்கும். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்ற அமைப்புகள் கட்டற்ற மென்பொருளை இந்தப் பகுதியில் தொடர்ந்து கற்றுத்தருகின்றன. அங்கே கற்ற ஒருவர் தடமறிதல் அடைவைத் திறந்து ஒரே ஒரு சொல்லை எழுதினால் போதும், கர்னலின் பல பத்தாயிரம் செயற்கூறுகள் அந்தக் கணமே கண்காணிப்பின் கீழ் வந்துவிடும். அந்தக் கணத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். விடைகளில் சில இந்தியாவில் எழுதப்பட்டவை என்பதும் கவனிக்கத்தக்கது.

கேள்வியின் உடற்கூறு

ஜிசிசி தொகுப்பியிடம் ‘பிஜி’ என்ற தேர்வைக் கொடுத்தால், ஒவ்வொரு செயற்கூறின் தொடக்கத்திலும் எம்கவுண்ட் என்ற பெயருக்கு ஓர் அழைப்பைச் செருகிவிடும். நிரல் எந்தப் பகுதியில் எவ்வளவு நேரம் செலவிடுகிறது என்று அளக்க யுனிக்ஸ் காலத்திலேயே வந்த வசதி இது. ஸ்டீவன் ராஸ்டெட் எழுதி, 2008 அக்டோபரில் லினக்ஸ் 2.6.27-இல் சேர்ந்த எஃப்டிரேஸ் இந்த வசதியைக் கைக்கொண்டது. எம்கவுண்டுக்குப் போய்ச் சும்மா திரும்பினால்கூட வேகம் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவதாக ராஸ்டெட் சொல்லியிருக்கிறார். ஆகவே, யாரும் கேட்காதபோது அந்த அழைப்புகள் ஒன்றும் செய்யாத கட்டளைகளாக மாற்றி வைக்கப்படுகின்றன. எக்ஸ்86-இல் ஒவ்வொன்றும் 5 பைட். தடமறிதல் தொடங்கும்போது அந்த 5 பைட்டும் மீண்டும் அழைப்பாகும்.

அழைப்பு போய்ச் சேருமிடத்தை கர்னல் எழுதுவோர் டிராம்போலின் என்கிறார்கள். பதிவகங்களைச் சேமித்து, தடமறியும் நிரலை அழைத்து, மீட்டு, திரும்புவது அதன் வேலை. எல்லோருக்கும் பொதுவாக ஒரே டிராம்போலின் கர்னலுக்குள்ளேயே தொகுக்கப்பட்டிருந்தால் ஒதுக்கீடு என்ற பேச்சே எழாது. சிக்கல் இரண்டாவது பயனர் வரும்போது தொடங்குகிறது. ஒருவர் எல்லாச் செயற்கூறுகளையும் கவனிக்கிறார். இன்னொருவர் ஒன்றே ஒன்றைக் கவனிக்கிறார். பொது டிராம்போலினில் நுழையும் ஒவ்வொரு அழைப்பும் பயனர் பட்டியலை வரிசையாகப் பார்த்து, ‘இது உனக்கு வேண்டுமா, உனக்கு வேண்டுமா’ என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஒற்றைப் பயனர் மட்டும் கவனிக்கும் செயற்கூறுக்கு அவருக்கே உரிய தனி டிராம்போலினைக் கொடுத்தால் இந்த விசாரணை தேவையில்லை. ஆனால் எத்தனை பயனர் வருவார்கள் என்று தொகுக்கும்போது தெரியாதே. எனவே ஓடும்போதே நினைவகம் வாங்கி, அதில் நிரலை எழுதி, இயங்கவிட வேண்டியிருக்கிறது.

அப்படி வாங்கும் நினைவகத்துக்கு மூன்று நிபந்தனைகள். முதலாவது தொலைவு: தாவல் கட்டளை எட்டும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். எக்ஸ்86-64-இல் இது இருபுறமும் 2 ஜிபி. ஆர்ம்64-இல் 128 எம்பி. பவர்பிசியில் 32 எம்பி மட்டுமே. இரண்டாவது உரிமை: ஒரே பக்கம் எழுதவும் இயங்கவும் அனுமதிபெற்றுக் கிடந்தால், கர்னலில் எங்கோ ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தவர் அங்கே தன் நிரலை எழுதி ஓடவிடலாம். மூன்றாவது முடிவு: தடமறிதலை நிறுத்தியபின் அந்த இடத்தை விடுவிக்க வேண்டும், யாராவது இன்னும் அதற்குள் நிற்கிறார்களா என்று தெரிந்துகொண்டுதான் விடுவிக்க வேண்டும். இதுவரை வந்த விடைகள் முதல் இரண்டிலும் நெடுந்தூரம் முன்னேறியிருக்கின்றன. மூன்றாவதில் அப்படிச் சொல்ல முடியாது என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு.

தொடக்க கால விடைகள்

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஏரியல் டேம்செஸும் பார்ட்டன் மில்லரும் 1999-இல் வெளியிட்ட கெர்ன்இன்ஸ்ட், ஓடும் சோலாரிஸ் கர்னலின் ஏறக்குறைய எந்தக் கட்டளையிலும் நிரலைச் செருகிக் காட்டியது. புதிய நிரலுக்கு இடம் தனியாக ஒதுக்கப்பட்டது. ஒற்றைத் தாவல் அவ்வளவு தூரம் எட்டாதபோது, அருகில் கிடைத்த சிறு இடத்துக்கு முதலில் தாவி, அங்கிருந்து நெடுந்தாவல் போட்டார்கள். தொலைவு நிபந்தனை இந்தத் துறையின் பிறப்பிலேயே இருந்தது என்பதற்கு இது சான்று.

சன் நிறுவனத்தின் டிடிரேஸ் இதற்கு நேரெதிரான வழியை எடுத்தது. பிரையன் கேன்ட்ரில், மைக் ஷாபிரோ, ஆடம் லெவன்தால் மூவரும் 2004-இல் விவரித்த அதன் செயற்கூறு எல்லைத் தடமறிதல், எக்ஸ்86-இல் முதல் கட்டளைகளில் ஒன்றைப் பொறிக் கட்டளையாக மாற்றிவிடும். பொறியில் விழுந்ததும் கையாளும் நிரல் தடத்தைக் குறித்துக்கொண்டு, மாற்றப்பட்ட கட்டளை என்ன செய்திருக்குமோ அதைத் தானே செய்துகாட்டித் திரும்பும். செயற்கூறுகளின் தொடக்கக் கட்டளை பெரும்பாலும் ஒரே வகைதான் என்பதால் இது சாத்தியமாயிற்று. புதிய இயக்கத்தக்க நினைவகம் எதுவும் வேண்டாம். விடுவிக்கும் கவலையும் இல்லை. விலை, ஒவ்வொரு முறையும் பொறியில் விழுந்து எழும் நேரம். தொடக்கக் கட்டளை எதிர்பார்த்த வகையில் இல்லையென்றால் அந்தச் செயற்கூறைத் தொடவும் முடியாது. பாதுகாப்பை முதலில் வைப்பவர்களுக்கு இன்றும் இதுவே மிகத் தூய விடையாகத் தோன்றலாம். வேகத்தை முதலில் வைப்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது கேபுரோப்ஸ். ஐபிஎம்மின் டிபுரோப்ஸ் திட்டத்திலிருந்து பிரிந்து வந்தது இது. கர்னல் மூலநிரலின் தலைப்புக் குறிப்பு, இதன் முதல் வடிவத்தை 2002 அக்டோபரில் உருவாக்கியவர் ஐபிஎம் இந்தியாவின் வம்சி கிருஷ்ணா எஸ். என்று பதிவு செய்கிறது. அடுத்த முக்கியத் திருத்தங்களில் அதே இந்திய அலுவலகத்தின் பிரசன்னா எஸ். பஞ்சமுகியின் பெயர் வருகிறது. 2004-இல் லினக்ஸ் 2.6.9-இல் அது சேர்ந்தது. இங்கும் பொறிக் கட்டளைதான். ஆனால் எந்தக் கட்டளையிலும் வைக்கலாம் என்பதால், எல்லாவற்றையும் நடித்துக்காட்டுவது நடவாத காரியம். ஆகவே மூலக் கட்டளையின் நகல் வேறோர் இடத்தில் வைக்கப்பட்டு, அங்கே ஒற்றையடியாக இயக்கப்பட்டது. நகலுக்கு இடம் வேண்டும். அந்த இடம் இயங்கத்தக்கதாக இருக்க வேண்டும். எக்ஸ்86-இல் ஒரு நகலுக்கு 16 பைட். 4 கேபி பக்கம் ஒன்றில் 256 நகல்கள். அளவைப் பார்த்தால் அற்பம்.

அந்த அற்ப இடத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதே பிந்தைய வரலாற்றைத் தீர்மானித்தது. எக்ஸ்86-64-இல் சில கட்டளைகள் தாம் நிற்கும் முகவரியிலிருந்து 32 பிட் தொலைவைக் கணக்கிட்டுத் தரவைத் தேடும். அவற்றை நகலெடுத்தால் தொலைவைத் திருத்த வேண்டும். நகலும் கர்னலிலிருந்து 2 ஜிபிக்குள் இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் இயக்கத்தக்க இடம் தரக்கூடிய ஒரே ஏற்பாடு, ஓடும் கர்னலில் பிறகு சேர்க்கப்படும் நிரல் தொகுதிகளான மாட்யூல்களை ஏற்றுவதற்காக வைத்திருந்த ஒதுக்கி. கேபுரோப்ஸ் அதையே அழைத்தது. விதிவிலக்காக எழுதப்பட்ட அந்த ஒரு வரி பின்னால் வழக்கமாகிவிட்டது.

2008: எழுதக் கூடாத இடத்தில் எழுதியது

தவறான இடத்தில் எழுதுவது எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டிய நிகழ்வு ஒன்று உண்டு. அதை நிதானமாகப் பார்ப்பது தகும். இன்றைய எச்சரிக்கைகளில் பாதி அங்கிருந்து வந்தவை.

2008 செப்டம்பரில், 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களின் கணினிகளில் இன்டெல் ஈ1000ஈ வகை நெட்வொர்க் கருவிகள் செத்துப்போகத் தொடங்கின. கருவியின் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் நிலைநினைவகம் சிதைந்திருந்தது. கணினியை அணைத்துப் போட்டாலும் சரியாகவில்லை. வன்பொருளையே கெடுக்கும் கர்னல் என்றால் எந்த விநியோகம் வெளியிடும்? சில விநியோகங்கள் தம் சோதனைப் பதிப்புகளை நிறுத்தின. எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டது நெட்வொர்க் இயக்கியைத்தான்.

குற்றவாளி எஃப்டிரேஸ் என்று அக்டோபரில் தெரிந்தது. அன்றைய வடிவில், எம்கவுண்டை அழைக்கும் ஒவ்வொரு இடமும் முதல்முறை ஓடும்போது ஒரு பட்டியலில் குறிக்கப்படும். பின்னணியில் ஒரு பணி அவ்வப்போது விழித்து, பட்டியலில் உள்ள இடங்களை ஒன்றும் செய்யாத கட்டளைகளாக மாற்றும். மாட்யூல் ஒன்றின் தொடக்கப் பகுதி ஒருமுறை ஓடியதும் விடுவிக்கப்படுகிறது. பட்டியலில் அதன் முகவரியோ அப்படியே இருக்கிறது. அதே முகவரி பிறகு நெட்வொர்க் கருவியின் நிலைநினைவகத்தைக் காட்டும் சாளரமாக மறுபயன்பாட்டுக்கு வருகிறது. மாற்றும் நிரல் ‘பழைய மதிப்பு இதுவாக இருந்தால் மட்டும் மாற்று’ என்ற ஒப்பிட்டு மாற்றும் கட்டளையைப் பயன்படுத்தியது. சாதாரண நினைவகத்தில் இது காவல். ஆனால் எக்ஸ்86-இல் அந்தக் கட்டளை ஒப்பீடு தோற்றாலும் பழைய மதிப்பைத் திரும்ப எழுதும். கருவியின் பதிவகங்களின் மேல் அப்படி எழுதுவது சிதைவில் முடிந்தது.

2.6.27 வெளியான சில நாட்களிலேயே 2.6.27.1 வெளிவந்து அந்த வசதியை முடக்கியது. அடுத்த பதிப்பில் அழைப்பிடங்களைத் தொகுக்கும்போதே கண்டெடுத்து ஒரு தனிப் பகுதியில் எழுதிவைக்கும் முறை வந்தது. பின்னணிப் பணி ஒழிந்தது. முகவரி என்பது ஒரு எண். அந்த எண்ணின் பின்னால் இன்று இருப்பது நாளை இருக்க வேண்டியதில்லை. இயக்கத்தக்க நினைவகத்தின் முடிவைக் குறித்த கேள்வியின் முதல் வடிவம் இதுதான்.

மாட்யூல் வீட்டில் ஒண்டுக்குடித்தனம்

2014-இல் ராஸ்டெட் தனிப் பயனருக்குத் தனி டிராம்போலின் தரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். இடம் மாட்யூல் ஒதுக்கியிடமிருந்தே வாங்கப்பட்டது. கேபுரோப்ஸ் ஏற்கெனவே அங்கே இருந்தது. பயனர் எழுதிக் கர்னலுக்குள் ஓட்டும் சிறு நிரல்களான பிபிஎஃப் நிரல்களை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் ஏற்பாடும் 2011-இலிருந்து அங்கேதான். வீட்டுக்காரர் மாட்யூல், மற்ற மூவரும் அவர் வீட்டின் ஒண்டுக்குடித்தனக்காரர்கள்.

இந்த நிலைப்பாட்டின் நியாயத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மாட்யூல்களும் கர்னலுக்கு அருகில் இருக்க வேண்டும். அவையும் இயங்க வேண்டும். ஒவ்வொரு செயலிக் கட்டமைப்பும் தன் தொலைவு எல்லைக்கேற்ப அந்த ஒதுக்கியை எழுதிவைத்திருக்கிறது. அதே வேலையை மறுபடி செய்வானேன்? பத்து ஆண்டுகள் இது தாக்குப்பிடித்தது என்பதே அதன் பலத்துக்குச் சாட்சி.

பலவீனங்கள் மெல்லத்தான் தெரிந்தன. மாட்யூல் ஆதரவு இல்லாமல் தொகுக்கப்பட்ட கர்னலில் கேபுரோப்ஸ் இயங்கவில்லை. வெளியிலிருந்து எதையும் ஏற்றக் கூடாது என்று பாதுகாப்புக்காக மாட்யூலை நீக்கியவர்கள், தம் கர்னலைக் கண்காணிக்கும் கருவியையும் சேர்த்து இழந்தார்கள். இரண்டுக்கும் தர்க்கத்தில் தொடர்பே கிடையாது. இடம் வாங்கிய விதத்தில் மட்டும் இருந்தது.

உரிமைச் சிக்கல் இதைவிடக் கடுமை. எழுதத்தக்க பக்கம் இயங்கக் கூடாது, இயங்கும் பக்கம் எழுதத்தக்கதாக இருக்கக் கூடாது என்ற விதியை ஓபன்பிஎஸ்டி 2003-இலேயே பயனர் நிரல்களுக்குக் கொண்டுவந்துவிட்டது. லினக்ஸ் கர்னலும் தன் சொந்த நிரலைப் படிக்க மட்டும் என்று பூட்டியிருந்தது. ஆனால் எஃப்டிரேஸின் டிராம்போலின்கள் எக்ஸ்86-இல் எழுதவும் இயங்கவும் உரிமை பெற்றே கிடந்தன. 2017-இல்தான் தாமஸ் கிளைக்ஸ்னரின் திருத்தம் அதை மூடியது. தடமறியும் கருவியே மூன்று ஆண்டுகள் திறந்த கதவாக நின்றதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. ஒதுக்கியவரும் எழுதியவரும் பூட்ட வேண்டியவரும் வெவ்வேறு துணையமைப்புகளாக இருந்ததே உண்மையான காரணமாகத் தெரிகிறது.

மூன்றாவது, விரயம். சில நூறு பைட் டிராம்போலினுக்கு ஒரு முழு 4 கேபி பக்கம். அந்தப் பக்கத்தின் உரிமையை மாற்றும்போது, கர்னல் முழு நினைவகத்தையும் பார்க்க வைத்திருக்கும் 2 எம்பி பெரும் பக்கங்களில் ஒன்று 512 துண்டுகளாக உடைய நேரிடும். உடைந்தது மீண்டும் எளிதில் சேர்வதில்லை. ஒரு டிராம்போலினுக்கு இது பொருட்டல்ல. நூற்றுக்கணக்கான பிபிஎஃப் நிரல்கள் வந்துபோகும் சர்வரில் முகவரி மாற்ற அட்டவணையின் சுமை கூடுகிறது.

பொது ஒதுக்கி: எக்ஸெக்மெம்

முதலில் பொறுமை இழந்தது பிபிஎஃப் தரப்பு. 2022-இல் 5.18 பதிப்பில் சாங் லியு, 2 எம்பி பக்கம் ஒன்றைப் படிக்கவும் இயங்கவும் மட்டும் உரியதாக்கி, அதில் பல பிபிஎஃப் நிரல்களை அடுக்கும் முறையைச் சேர்த்தார். பக்கம் எப்போதும் எழுதத்தக்கதாக மாறுவதில்லை. எழுத வேண்டியபோது அதே இடத்துக்கு ஒரு தற்காலிகப் பார்வை திறந்து, அதன் வழியே எழுதி மூடப்படுகிறது. இது பிபிஎஃபுக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி உடனே எழுந்தது.

நீண்ட விவாதத்துக்குப் பின் மைக் ரப்போபோர்ட்டின் எக்ஸெக்மெம் 2024-இல் லினக்ஸ் 6.10-இல் சேர்ந்தது. மாட்யூல், கேபுரோப்ஸ், எஃப்டிரேஸ், பிபிஎஃப் ஆகிய ஒவ்வொன்றும் ‘நான் இன்ன வகை’ என்று சொல்லி இடம் கேட்கின்றன. எந்த வகைக்கு எந்த முகவரி எல்லை, எந்த உரிமை என்பதைக் கட்டமைப்பு ஒரே இடத்தில் அறிவிக்கிறது. மாட்யூல் இல்லாத கர்னலிலும் கேபுரோப்ஸ் இயங்க வழி பிறந்தது. ஒண்டுக்குடித்தனம் முடிந்தது என்றே சொல்லலாம்.

அடுத்த படி அவ்வளவு சுமுகமாக இல்லை. எக்ஸ்86-இல் மாட்யூல்களையும் படிக்கவும் இயங்கவும் மட்டும் உரிய பெரும் பக்கங்களில் வைக்கும் சேமிப்பு 6.13-க்குத் தயாரானது. மாட்யூல் ஏறும்போது அதன் நிரலில் நூற்றுக்கணக்கான இடங்கள் செயலிக்கேற்பத் திருத்தப்படும். எழுத முடியாத பக்கத்தில் அதைச் செய்ய, தனியே ஒரு எழுதத்தக்க நகலை வைத்துத் திருத்திப் பின் ஏற்ற வேண்டியிருந்தது. திருத்தும் ஒவ்வொரு நிரலும் ‘எழுதும் முகவரி ஒன்று, இயங்கும் முகவரி ஒன்று’ என இரட்டைக் கணக்கு வைத்துக்கொள்ள நேர்ந்தது. தாவல் இலக்குகளைச் சரிபார்க்கும் பாதுகாப்பு ஏற்பாட்டின் சில வடிவங்கள் இதனால் நொறுங்கின. 2025 ஜனவரியில், 6.13 வெளியாகும் தறுவாயில், பீட்டர் ஸைல்ஸ்ட்ரா அந்த வசதியை எக்ஸ்86-இல் முடக்கினார். எழுதும் முறை பின்னர் மாற்றியமைக்கப்பட்டது. எஃப்டிரேஸுக்கும் கேபுரோப்ஸுக்கும் அதே சேமிப்பைத் திறக்கும் திருத்தங்களும் 2025-இல் முன்வைக்கப்பட்டன.

பொது ஒதுக்கி உரிமைக் கேள்விக்கு இதுவரை வந்தவற்றில் சிறந்த விடை என்பதில் பெரிதாகக் கருத்து வேறுபாடு தென்படவில்லை. அதன் பலவீனம் சிக்கல். பல ஆண்டுகளாக எழுதியே பழகிய நிரல், எழுத முடியாத பக்கத்தைச் சந்திக்கும்போது ஒவ்வொரு மூலையிலும் ஒரு விதிவிலக்கு கேட்கிறது.

ஒதுக்காமலே இருப்பது

பிற கட்டமைப்புகளைக் கவனிப்போர் கேட்பது வேறு: ஓடும்போது ஒதுக்கத்தான் வேண்டுமா?

ஆர்ம்64-இல் தாவல் 128 எம்பிதான் எட்டும். டிராம்போலின் அதற்குள் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மார்க் ரட்லண்ட் 2023-இல் 6.3 பதிப்பில் கொண்டுவந்த முறை, ஒவ்வொரு செயற்கூறுக்கும் சற்று முன்னால் 8 பைட் இடத்தைத் தொகுக்கும்போதே விட்டுவைக்கிறது. இந்தச் செயற்கூறைக் கவனிப்பவர் யார் என்ற சுட்டி அதில் எழுதப்படும். எல்லா அழைப்பும் கர்னலில் ஏற்கெனவே இருக்கும் ஒரே பொது டிராம்போலினுக்கே போகும். அது சுட்டியைப் படித்து உரியவரை நேராக அழைக்கும். தனி டிராம்போலின் தந்த பயனில் பெரும்பகுதி, புதிய இயக்கத்தக்க நினைவகம் ஒரு பைட்கூட இல்லாமல் கிடைக்கிறது. எழுதப்படுவது தரவுதான்.

செலவு வேறிடத்தில் வருகிறது. தடமறியப்படாத செயற்கூறும் அந்த இடத்தைச் சுமக்கிறது. சுட்டி 8 பைட் எல்லையில் நிற்க வேண்டுமாதலால் செயற்கூறுகளும் அப்படியே நிறுத்தப்பட வேண்டும். அரிதாக ஓடும் என்று குறிக்கப்பட்ட செயற்கூறுகளுக்கு ஜிசிசி அந்த எல்லையை மதிக்கவில்லை என்பது இந்த வேலையின்போதுதான் வெளிப்பட்டது. தொகுப்பியின் கதவைத் தட்டும் கர்னல் வசதிகளுக்கு இது வழக்கமான விதி.

பவர்பிசியின் கதை இன்னும் நெருக்கம். 32 எம்பி தொலைவை இன்றைய கர்னலே சில சமயம் தாண்டிவிடும். இந்தியாவில் ஐபிஎம்மில் பணிபுரிந்த நவீன் என். ராவ், ஹரி பத்தினி ஆகியோரின் திருத்தத் தொடர், செயற்கூறின் வாசலில் ஒரே ஒரு கட்டளையை மட்டும் வைத்து, மீதியை வேறிடத்தில் இணைப்பின்போதே ஒதுக்கிவைத்த துண்டுகளுக்கு மாற்றியது. 6.13-இல் இது சேர்ந்தது. எத்தனை செயற்கூறுகள் உள்ளன என்று எண்ணி அத்தனை துண்டுகளை இணைக்கும் கட்டத்திலேயே ஒதுக்குவதால், ஓடும்போது அருகில் இடம் கிடைக்குமா என்ற சந்தேகம் இல்லை. கேபுரோப்ஸ் பிறந்த அலுவலகத்தின் வழிவந்தவர்களே, இருபது ஆண்டுகள் கழித்து, ஓடும்போது ஒதுக்குவதைக் குறைக்கும் பக்கம் சாய்ந்திருப்பது சுவையான திருப்பம்.

மூன்றாவது ரிஸ்க்-ஃபைவ். தமிழ்நாட்டு வாசகருக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலிகள் இந்தக் கட்டமைப்பைச் சேர்ந்தவை. 2018-இல் ரைஸ்கிரீக் என்ற சில்லு லினக்ஸை ஏற்றிக் காட்டியது. ரிஸ்க்-ஃபைவில் ஒற்றைத் தாவல் 1 எம்பி வரைதான் எட்டும். 2 ஜிபி எட்ட வேண்டுமானால் இரண்டு கட்டளைகள் சேர வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் மாற்ற முடியாது. முதல் கட்டளையை முடித்து நிற்கும் ஒரு பணி இடைமறிக்கப்பட்டு, அதற்குள் இரண்டாவது மாறிவிட்டால், பாதி பழையதும் பாதி புதியதுமான முகவரிக்குத் தாவும். முன்பெல்லாம் எல்லாச் செயலிகளையும் நிறுத்திவைத்து மாற்றினார்கள். இடைமறிக்கப்பட்ட பணிக்கு அதுவும் காப்பல்ல. 2025-இல் சேர்ந்த ஏற்பாடு இரண்டில் ஒரு கட்டளையை நிலையாக வைத்து மற்றொன்றை மட்டும் மாற்றுகிறது. அதன் விளைவாகத் தாவல் இலக்கு பொது டிராம்போலினைச் சுற்றி 2 கேபிக்குள் அடைந்துவிடுகிறது. தனி டிராம்போலின் என்ற எண்ணத்துக்கே அங்கே இடமில்லை. ஆர்ம்64-இன் சுட்டி முறைதான் பொருந்துகிறது. சக்தி போன்ற சிறு செயலிகளில், பெரும் பக்கங்களைக் காக்கும் எக்ஸ்86-இன் கவலைகள் பெரும்பாலும் எழவே எழாது என்றும் சேர்த்துச் சொல்லலாம்.

இந்த நிலைப்பாடும் முழு விடை அல்ல. பிபிஎஃப் டிராம்போலின் ஒவ்வொன்றும் தான் ஒட்டிக்கொள்ளும் செயற்கூறின் வாதங்களுக்கேற்ப ஓடும்போதே உருவாக்கப்படும் நிரல். அதை முன்கூட்டித் தொகுத்து வைக்க முடியாது. ஆகவே ஒதுக்காமை எஃப்டிரேஸின் தேவையைக் குறைக்கிறது. கர்னலின் தேவையை ஒழிக்கவில்லை.

விடுவிக்கும் சிக்கல்

டிராம்போலினை விடுவிக்க முதலில் அதை நோக்கிய அழைப்புகளை நீக்க வேண்டும். அது எளிது. ஏற்கெனவே உள்ளே நுழைந்து, நடுவில் இடைமறிக்கப்பட்டு உறங்கும் ஒரு பணி இருந்தால்? விழித்ததும் அது தொடர நினைக்கும் இடத்தில் வேறு எதுவோ இருக்கும்.

கேபுரோப்ஸ் இதற்குக் கண்ட பழைய வழி முரட்டுத்தனமானது. கணினியை உறங்கவைக்கும் ஏற்பாட்டைக் கடன் வாங்கி, எல்லாப் பணிகளையும் உறையவைத்து, நகல் இடத்தில் யாரும் நிற்க வாய்ப்பில்லை என்று சோதித்த பிறகே குப்பையை அகற்றியது. பதினாறு பைட்டுக்காக முழு இயந்திரத்தையும் நிறுத்துவது.

2014-இல் பால் மெக்கென்னி 3.18-இல் சேர்த்த ஆர்சியு-டாஸ்க்ஸ் இதைவிட நாகரிகமானது. ஒவ்வொரு பணியும் தானாக விரும்பி ஒருமுறை செயலியை விட்டுக்கொடுக்கும் வரையோ, பயனர் நிரலுக்குத் திரும்பும் வரையோ காத்திருக்கும். டிராம்போலினுக்குள் யாரும் தானாக விட்டுக்கொடுப்பதில்லை என்பதால், அப்படி விட்டவர் நிச்சயம் வெளியே வந்துவிட்டவர். 2017-இல் இடைமறிப்பை அனுமதிக்கும் கர்னல்களிலும் டிராம்போலின்களை விடுவிக்க இதுவே வழிவகுத்தது. இதன் குறை காத்திருப்பு. நீண்ட நேரம் கர்னலுக்குள்ளேயே ஓடும் ஒரு பணி எல்லோரையும் காக்கவைக்கும். தேக்கம் என்று எச்சரிக்கை எழுப்ப இயல்பாக வைக்கப்பட்ட வரம்பே பத்து நிமிடம் என்பது எவ்வளவு காலத்தாமதத்தை வடிவமைப்பாளர்கள் எதிர்பார்த்தார்கள் என்று காட்டும்.

ஒதுக்காமல் இருப்பவர்கள் இதிலிருந்து தப்பினார்களா? முழுவதுமாக இல்லை. ஆர்ம்64-இன் சுட்டியைப் படித்துவிட்டு இடைமறிக்கப்பட்ட பணி, பயனரின் விவரத் தொகுதியைக் கையில் பிடித்தபடி உறங்குகிறது. அந்தத் தொகுதியை விடுவிக்கவும் அதே காத்திருப்பு வேண்டும். விடுவிப்பது நிரலா தரவா என்பதுதான் வேறுபாடு. தவறு நேர்ந்தால், விடுவித்தது நிரலாக இருந்தால் உடனே நொறுங்கும். தரவாக இருந்தால் அதில் உள்ள செயற்கூறு முகவரிக்குத் தாவி நொறுங்கும்.

திறந்திருப்பவை

தொலைவுக் கேள்விக்கு ஒவ்வொரு கட்டமைப்பும் தனக்கேற்ற விடையைக் கண்டிருக்கிறது. அவற்றை ஒரே அச்சில் வார்க்கும் முயற்சி பயன் தருமா என்பது ஐயத்துக்குரியது. உரிமைக் கேள்வியில் எக்ஸெக்மெம் ஒருவகை உடன்பாட்டைக் கொண்டுவந்திருக்கிறது. எக்ஸ்86-இல் எஃப்டிரேஸும் கேபுரோப்ஸும் மாட்யூல்களோடு ஒரே பெரும் பக்கத்தில் குடியிருக்கும்போது என்ன நடக்கும் என்பதற்குப் பல பதிப்புகளின் நடைமுறை அனுபவம் தேவை. 6.13-இன் நிகழ்வு காட்டியபடி, பாதுகாப்பு ஏற்பாடுகள் ஒன்றோடொன்று மோதுவது தொகுக்கும்போது தெரிவதில்லை.

எக்ஸ்86-உம் சுட்டி முறைக்கு மாறிவிடலாமே என்ற வாதத்துக்கு இன்னும் தெளிவான மறுப்பு இல்லை. தெளிவான ஆதரவும் இல்லை. 2 ஜிபி தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் ஒவ்வொரு செயற்கூறுக்கும் 8 பைட் வரி விதிப்பது ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. ஒவ்வொரு அழைப்பிலும் கூடுதலாக ஒரு நினைவக வாசிப்பு, தனி டிராம்போலினின் நேரடி அழைப்போடு ஒப்பிடுகையில் எவ்வளவு செலவு வைக்கும் என்பது செயலிக்குச் செயலி மாறும். ஒரே அளவீட்டைக் கொண்டு எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

விடுவிக்கும் கேள்வி வேறு வகை. இடைமறிப்பை அனுமதிக்கும் கர்னல்கள் பெருகும்போது ஆர்சியு-டாஸ்க்ஸின் காத்திருப்பைச் சந்திக்கும் கணினிகளும் பெருகும். ஒரு டிராம்போலினுக்குள் யாரும் இல்லை என்பதைக் காத்திருந்து ஊகிக்காமல் நேரடியாக அறியும் வழி, எல்லாக் கட்டமைப்புகளுக்கும் பொதுவாக இன்னும் எழுதப்படவில்லை.